பதினேழாம் பெருக்கியின் மூச்சு

ஆராய்ச்சிக்கூடத்தில் வாசல் காவல்காரர் தொடங்கி டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவள் கம்பியக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மூன்றாம் மாடியில் நீளமான ஓர் அறை. அதன் ஒரு சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு நின்ற கணக்குப் பொறிக்குக் கம்பி செருகுவது அவள் வேலை.

அந்தப் பொறிக்கு எண்களைக் கூட்டிக் கழிக்கத் தெரியாது. வெளியே ஒரு பொருள் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே உள்ளே மின்சாரத்தை நடந்துகொள்ள வைக்கும். அவ்வளவுதான். ஊஞ்சலைப் பற்றிக் கேட்டால் உள்ளே மின்சாரம் ஊஞ்சலாடும். தொட்டியைப் பற்றிக் கேட்டால் மெல்ல நிரம்பும். இதற்காக, வருகிற மின்சாரத்தைப் பெரிதாக்கித் தரும் பெருக்கிகள் நாற்பது வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் கையடக்கமான கறுப்புப் பெட்டி. தலையில் ரேடியோவில் இருப்பது போன்ற இரண்டு கண்ணாடி வால்வுகள், வால்வுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கனல். எதை எதோடு கம்பியால் இணைக்கிறோமோ அதற்கேற்ப ஒரு பெருக்கி கூட்டும், இன்னொன்று வந்ததையெல்லாம் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கடைசியில் ஒரு பேனா, ஓடுகிற காகிதத்தில் விடையைக் கோடாக வரையும்.

வால்வுகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சூடு ஏற ஏற, யாரும் எதுவும் கொடுக்காதபோதே ஏதோ வந்துவிட்டதுபோலப் பெருக்கியின் மீட்டர் முள் தானாக நகரும். தினமும் காலையில் கம்பியக்கா ஸ்க்ரூ டிரைவரோடு ஒன்றிலிருந்து நாற்பது வரை போய், ஒவ்வொரு முள்ளையும் பூஜ்யம் என்கிற சுழிக்குக் கொண்டுவந்து நிறுத்துவாள். குழந்தைகளை வரிசையில் நிற்க வைக்கிற மாதிரி இருக்கும் அவளுக்கு. அதில் பதினேழாம் எண் மட்டும் அடங்காத பிள்ளை.

“அதை ஏன்மா திட்டுற? அது வந்த எடம் அப்படி” என்பார் பழுது பார்க்கும் பீரங்கி. போர்க்காலத்தில் பீரங்கிப் படையோடு இருந்தவர். காது கொஞ்சம் மந்தம் என்பதால் பேச்சும் பீரங்கிதான். விமானங்களைச் சுடுவதற்குக் குறி பார்த்துச் சொல்லும் பொறி ஒன்று அந்தப் படையில் இருந்தது. போர் முடிந்து அதைக் கழித்துக் கட்டியபோது அதன் பெருக்கிகளில் இருபதை இந்தக் கூடம் வாங்கிப் போட்டது. ஒன்றிலிருந்து இருபது வரை அவைதான்.

“விமானம் இப்ப எங்க இருக்குன்னு பாத்துச் சுட்டா குண்டு காத்துலதான் போகும்” என்று அவர் கையை வானத்தில் ஓட்டிக் காட்டுவார். “குண்டு போய்ச் சேர்ற நேரத்துல அது எங்க இருக்கும்னு தெரியணும். அதைச் சொல்லத்தான் இதுங்களைச் செஞ்சாங்க. இதுங்களுக்கு இன்னிக்கு மேல அக்கறையே கெடையாதும்மா. எப்பவும் அடுத்ததுதான்.”

கம்பியக்கா சிரித்துக்கொண்டே ஸ்க்ரூவைத் திருகுவாள்.

அவளுக்கு ஒரே தம்பி. கதவுக் கண்ணாடிகளில் மணலைப் பீய்ச்சியடித்துப் பூவும் கொடியும் போடுகிற பட்டறையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவன். முகமூடி கொடுத்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டால் விசிலடிக்க முடியாது என்று கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே இருந்துவிட்டான். விசில் என்றால் அப்படியொரு விசில். தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் அவன் மனைவி அடுப்பைப் பற்ற வைத்துவிடுவாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. தம்பி கல்யாணமான அன்றே அவளை “டீச்சர்” என்று கூப்பிட ஆரம்பித்தான். நாளாக ஆக வீடே அப்படித்தான் கூப்பிட்டது.

தூசி நுரையீரலில் படிந்து கெட்டியாகிவிட்டது என்று தெரிந்தபோது அவனுக்கு முப்பத்தெட்டு வயது. அந்தச் சமயம்தான் டாக்டரம்மா, இப்படித் தூசியடைந்த நுரையீரலைப் பொறியில் அப்படியே செய்து பார்க்க முடியுமா என்று முயன்றுகொண்டிருந்தார். வாரம் ஒருமுறை வந்து மூச்சை அளக்கக் கொடுக்கும் ஆள் ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டது.

“நானே வரேன் டாக்டரம்மா” என்றான் தம்பி. “எங்க அக்கா தன் கையால எனக்கு ஒரு நுரையீரல் செஞ்சு தரப்போறாள்னா விட முடியுமா?”

“வாயை மூடிக்கிட்டு உக்காருடா” என்றாள் கம்பியக்கா.

“வாயை மூடினா எப்படிக்கா ஊதுறது?”

அவன் முக்காலியில் உட்கார்ந்து ரப்பர் குழாயில் மூச்சு விடுவான். சிவப்புப் பேனா அவன் மூச்சை வரையும். நீலப் பேனா பொறியின் மூச்சை வரையும். நீலக்கோடு சிவப்புக்கோட்டின் மேல் அச்சாகப் படியும்வரை கம்பியக்கா குமிழ்களைத் திருகுவாள். ஒன்றே ஒன்றுதான் படியாது. ஏழெட்டு மூச்சுக்கு ஒருமுறை, இழுத்த மூச்சுக்கு மேலேயே அவன் இன்னும் ஒரு சின்ன இழுப்பு இழுப்பான். விசிலடிக்கிறவன் பழக்கம். “அது சேட்டை, கணக்குல வராது, விட்டுடு” என்றார் டாக்டரம்மா. அதற்கென்று பொறியில் ஒரு கம்பியும் போடவில்லை.

பொறிக்கு இரண்டு வேகம் வைத்திருந்தார்கள். மெதுவான வேகத்தில் அது மனிதனைப் போலவே மூச்சு விடும். வேகமாக ஓடவிட்டால் ஒரு நிமிடம் ஒரு நாளாகிவிடும். நோய் எப்படி முற்றும் என்று காட்டும். அப்போது பேனா ஒரு தடித்த பட்டையாக வரையும். மூச்சு குறையக் குறையப் பட்டை மெலியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவள் அதை வேகமாக ஓடவிட்டாள். பத்து நிமிடம் வரை பட்டை ஒரே சீராக வந்தது. பதினோராம் நிமிடத்தில், மெலியக்கூட இல்லை, கத்தரித்தது போல நின்றுபோனது. அதற்குப் பிறகு வெறும் நேர்கோடு.

அவள் மறுபடி ஓட்டினாள். பதினொன்று. கம்பிகளை எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு மூன்றாம் முறை ஓட்டினாள். பதினொன்று. ஒவ்வொரு பெருக்கியின் மீட்டரையும் பார்த்துக்கொண்டே வந்தாள். பதினேழின் முள் சுழியை விட்டு இரண்டு கோடு தள்ளி நின்றது. காலையில்தானே நிறுத்தினாள்! “சனியனே, நீதானா” என்று சொல்லிக்கொண்டே ஸ்க்ரூவைத் திருகி முள்ளைச் சுழிக்குக் கொண்டுவந்தாள். நான்காம் முறை பட்டை அறுபது நிமிடமும் ஓடியது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதல் மூன்று காகிதங்களையும் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, கதவருகே தம்பி நின்றிருந்தான். மாடி ஏறிய களைப்பில் ஒரு கையைச் சுவரில் ஊன்றியிருந்தான்.

“எப்படா வந்தே?”

“இப்பத்தான்க்கா” என்றான். “என்ன, சிரிக்கிற?”

“ஒண்ணுமில்ல. நீ நல்லா இருக்கே.”

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை, ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. வீடு நிறைய ஆட்கள் அழுதுகொண்டிருந்தபோது, மூலையில் உட்கார்ந்திருந்த கம்பியக்கா விரல்விட்டு எண்ணினாள். செவ்வாயிலிருந்து பதினொன்று. எத்தனை முறை எண்ணினாலும் பதினொன்று. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். டாக்டரம்மா அவள் தோளில் கை வைத்து, “என் கட்டுரை இன்னும் முடியலை. அதுவரைக்கும் அந்தக் கம்பிகளைப் பிரிக்க வேண்டாம்னு பாக்கறேன். உனக்குக் கஷ்டமா இருந்தா வேற ஆளைப் போடறேன்” என்றார்.

“வேண்டாம் டாக்டரம்மா. நானே பாத்துக்கறேன்.”

பொறியை அணைப்பதே கிடையாது. அணைத்து அணைத்துப் போட்டால் வால்வுகள் போய்விடும். அதனால் அவள் இல்லாத நாட்களிலும் நீலப் பேனா மெதுவான வேகத்தில் மேலேறி, கீழிறங்கி, மூச்சு வரைந்துகொண்டே இருந்திருக்கிறது. அறையில் சுட்ட தூசியின் வாசனை. முக்காலி காலியாக இருந்தது. சிவப்புப் பேனா ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. கம்பியக்கா காலை வேலையாக முள்களை நிறுத்தத் தொடங்கினாள். ஏதோ உறுத்த, திரும்பிக் காகிதத்தைப் பார்த்தாள்.

நீலக்கோடு ஏறியது. ஏறி முடித்த இடத்தில் இன்னும் ஒரு சின்ன ஏற்றம் ஏறியது. பிறகு இறங்கியது.

எட்டு மூச்சு கழித்து மறுபடியும்.

அவளுக்குப் பிடரி சிலிர்த்தது. கீழ்த்தளத்துக்கு ஓடிப்போய்ப் பீரங்கியைக் கூட்டிவந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காகிதத்தை வெகுநேரம் பார்த்தார்.

“வால்வு கோளாறு” என்றார். பதினேழின் இரண்டு வால்வுகளையும் மாற்றினார். இழுப்பு நிற்கவில்லை. பெருக்கியையே கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகினார். நின்றது. பழையதைத் திரும்ப வைத்தார். நாலாவது மூச்சிலேயே வந்துவிட்டது.

“இதுக்குள்ளதான் இருக்கு” என்றார்.

“எதுண்ணே?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். “கோளாறு” என்று கடைசியில் சொன்னபோது, அந்த மனிதர் அவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

அந்த வாரமே, பீரங்கி மறுபடி பதினேழைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, டீச்சர் வந்தாள். தம்பி கடைசியாக வந்தபோது அறையில் மாட்டிவிட்டுப் போன மேல்கோட்டை எடுத்துப் போக வந்திருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு, “அண்ணி, அவரோட கோட்டு இங்க இருக்கா?” என்று கேட்டாள்.

பேனா துள்ளியது. கோடு நடுங்கியது. அடுத்த மூச்சு, அதுவரை வந்ததைப் போல ஒன்றரை மடங்கு ஆழமாக ஏறியது.

மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். பீரங்கிதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். “பயப்படாதீங்க. வால்வுக்கு உள்ள இருக்கிற தகடு ரொம்ப மெல்லிசு. சத்தம் பட்டா அதிரும். அவ்வளவுதான். இதோ பாருங்க!” என்று பெருக்கிக்குப் பக்கத்தில் போய்க் கையைத் தட்டினார். பேனா சட்டை செய்யவில்லை. “ஓய்!” என்று ஜன்னல் அதிரக் கத்தினார். நீலக்கோட்டில் ஒரு நடுக்கம்கூட இல்லை. கத்திய வாயை மூட மறந்து நின்றார்.

டீச்சர் சுவரில் தொங்கிய மேல்கோட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தாள். “நான்தாங்க வந்திருக்கேன்” என்றாள், வீட்டுக்குள் பேசுகிற குரலில்.

கோடு ஏறியது. ஏறிய இடத்தில் இன்னும் ஒரு சின்ன இழுப்பு இழுத்தது.

“நான் இனிமே இந்த அறைக்கு வரலம்மா” என்று சொல்லிவிட்டுப் பீரங்கி இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு டீச்சர் தினமும் வர ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்து முக்காலியில் உட்காருவாள். பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டே, தப்பும் தவறுமாக அவர்கள் எழுதியதை வாய்விட்டுப் படிப்பாள். “பசு ஒரு நல்ல மனிதர்னு எழுதியிருக்கான் பாருங்க” என்பாள். பேனா குலுங்கும். சிரிக்கிறவன் தோள் குலுங்குவது போலவே இருக்கும். முதல் நாள் அதைப் பார்த்துக் கம்பியக்காவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் நெஞ்சு திக்கென்றது.

நாட்கள் போகப் போக டீச்சர் பாதியாக இளைத்துவிட்டாள். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போகச் சொன்னால், “இன்னும் ரெண்டே நோட்டு அண்ணி” என்பாள். அவனுடைய மேல்கோட்டைத் தானே போட்டுக்கொண்டு வரத் தொடங்கினாள். ஒரு நாள் சாயங்காலம், அவள் முதுகுக்குப் பின்னால் நின்று குமிழ்களைக் குறித்துக்கொண்டிருந்த கம்பியக்கா, அந்தக் கோட்டின் தோள்கள் ஏறி இறங்குவதைத் தற்செயலாகக் கவனித்தாள். பேனாவோடு சேர்ந்து ஏறின. பேனாவோடு சேர்ந்து இறங்கின. எட்டாம் மூச்சில், மேலே போன தோள் இன்னும் ஒரு சின்ன இழுப்பு மேலே போனது.

கம்பியக்கா தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அதுவும் அதே தாளத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று தெரியவில்லை. வேண்டுமென்றே மூச்சைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். பேனா இறங்கியதும் அவள் மூச்சும் அவளைக் கேட்காமலே இறங்கிவிட்டது.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. முக்காலியைப் பிடித்து டீச்சரைத் தன் பக்கமாகத் திருப்பினாள்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவன் போகப்போற நாள் எனக்கு முன்னாடியே தெரியும்மா. இது சொல்லுச்சு. பதினோரு நாள்னு மூணு தரம் சொல்லுச்சு. நான்தான் முள்ளு நகந்திருக்குன்னு ஸ்க்ரூவைத் திருகி அதோட வாயை அடைச்சேன். பேப்பரைக் கிழிச்சுப் போட்டேன். டாக்டரம்மாகிட்டகூடச் சொல்லல. சொல்லியிருந்தா ஏதாவது பண்ணியிருப்பாங்களோ என்னவோ...”

டீச்சர் திடுக்கிடவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்தாள்.

“எனக்குத் தெரியும் அண்ணி.”

“தெரியுமா?”

“அவரு அன்னிக்கு ரொம்ப நேரமா கதவுகிட்ட நின்னிருக்காரு. நீங்க மூணு தரம் ஓட்டினதையும் பாத்திருக்காரு. வீட்டுக்கு வந்து என்னை ரெண்டு வாரம் லீவு போடச் சொன்னாரு. எதுக்குன்னு கேட்டா சொல்லல. ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஒழுகிட்டிருந்த குழாயைச் சரி பண்ணாரு. தெனமும் சாயங்காலம் மூச்சு இருக்கிற வரைக்கும் விசிலடிச்சுக் காட்டினாரு. ஒன்பதாம் நாள்தான் விஷயத்தைச் சொன்னாரு.”

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?” கம்பியக்கா அவளை ‘டி’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

“நான் ஓடி வந்து உங்களைக் கேக்கறேன்னுதான் கெளம்பினேன். தடுத்துட்டாரு. ‘ஸ்க்ரூவைத் திருகினதும் எங்க அக்கா சிரிச்சா பாரு, நான் பொழச்சிட்டேன்னு நெனச்சு. அதைப் போய்க் கெடுக்காதே’ன்னாரு. ஆஸ்பத்திரிக்காவது போவோம்னு கெஞ்சினேன். அதுக்கு முந்தின மாசமே டாக்டரம்மா கையை விரிச்சுட்டாங்களாம். அதையும் உங்களுக்குச் சொல்லலையாம்.”

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்கள். பக்கத்தில் பேனா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சர்தான் கேட்டாள்.

“வேகமா ஓட்டிப் பாருங்க அண்ணி. இப்ப உள்ள இருக்கிறதுக்கு எத்தனை நாளு?”

கம்பியக்காவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுந்து வேகத்தை மாற்றினாள். பதினேழின் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. அது எங்கே நகர்ந்திருந்தாலும் நகர்ந்தபடியே இருக்கட்டும் என்று விட்டாள். பட்டை தடிமனாக ஓடத் தொடங்கியது. பதினொன்றைத் தாண்டியது. முப்பதைத் தாண்டியது. ஜன்னலில் வெயில் மஞ்சளாகி இறங்கியது. அறுபது, எழுபது, எண்பது. ஒரு முடியளவுகூட மெலியவில்லை. காகிதச் சுருள் தீர்ந்துபோய், வெறும் உருளையின் மேல் பேனா மூச்சை வரைந்துகொண்டிருந்தது.

“முடியவே முடியாதா?” என்றாள் டீச்சர்.

கம்பியக்கா வெறும் உருளையைச் சுட்டிக் காட்டினாள்.

“வேண்டாம் அண்ணி. அவரு யாரையும் இப்படி இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கிற ஆளில்ல. நாமதான் விடாம வெச்சிருக்கோம்.” அவள் கோட்டைக் கழற்றி முக்காலியில் போட்டாள். “எதை முதல்ல புடுங்கணும்?”

புதுச் சுருளைப் போட்டு, மெதுவான வேகத்துக்குத் திருப்பிவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக நின்று கம்பிகளை உருவ ஆரம்பித்தார்கள். அறுபத்து மூன்று கம்பிகள். ஒவ்வொன்றும் உருவும்போது ‘டக்’ என்று சத்தம் வந்தது. நாற்பது கம்பி போனதும் மூச்சு ஆழம் குறைந்தது. ஐம்பதில் தாளம் தவறியது. பதினேழிலிருந்து பேனாவுக்குப் போகிற கம்பியைக் கடைசியாக மீதம் வைத்திருந்தார்கள். டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வால்வுகளின் கனலைப் பார்த்து ஏதோ சொன்னாள். கம்பியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், காதில் விழவில்லை.

‘டக்.’

எதற்கும் எதோடும் தொடர்பில்லை. கம்பியெல்லாம் தரையில் கிடந்தது. பேனா ஒருமுறை மேலே ஏறியது. ஏறிய இடத்தில் இன்னும் ஒரு சின்ன இழுப்பு. பிறகு, அவசரமே இல்லாமல், நடுக்கோட்டுக்கு இறங்கி நின்றது.

கம்பியக்காவின் மூச்சு ஒரு கணம் எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறியது. பிறகு அதுபாட்டுக்கு வந்தது. டீச்சர் சுவரில் சாய்ந்து பெரிதாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். “பசிக்குது அண்ணி” என்றாள், ஆச்சரியத்தோடு.

மறுநாள் கம்பியக்கா தானே போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கிழித்த காகிதத்தையும் சேர்த்துத்தான். டாக்டரம்மா முதலில் கோபித்துக்கொண்டார், பிறகு தணிந்தார். கட்டுரைக்கு வேண்டியது கையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பீரங்கி பதினேழைக் கழற்றிக் கடாசிவிடலாம் என்றார். கம்பியக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “அது பொய் சொன்னதில்லையேண்ணே” என்றாள். பெருக்கி அதே இடத்தில் இருந்தது. முள்ளும் முன்பெல்லாம் நகர்ந்தது போலத்தான் நகர்ந்தது. டீச்சர் அதற்குப் பிறகு அந்த மாடிக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பியக்காதான் அவள் வீட்டுக்குப் போய்வந்தாள்.

இரண்டு மாதம் கழித்து, டாக்டரம்மா சொல்லி அவள் கம்பிகளை மறுபடி செருகி முடித்தபோது, மூச்சை அளக்கக் கொடுக்க ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். பழைய கல் குவாரித் தொழிலாளி. அவரை முக்காலியில் உட்கார வைத்து, கையில் குழாயைக் கொடுத்தாள். அவர் குழாயை வாயில் வைக்காமல் பொறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, இது எத்தனை நாள்னு சொல்லிடுமாமே? கீழ ஒருத்தர் சொன்னாரு. கொஞ்சம் சத்தமாப் பேசுறவரு.”

“சில சமயம் சொல்லும்” என்றாள். “சொன்னா உங்ககிட்ட மறைக்க மாட்டேன். கேட்டா மட்டும்தான் சொல்லுவேன். கேக்கறீங்களா?”

ஓட்டுநர் முழங்காலைத் தடவிக்கொண்டு யோசித்தார். வெளியே தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவர் கால் தன்னை அறியாமல் பிரேக்கை மிதிப்பதுபோல் தரையை அழுத்தியது.

“இன்னிக்கு வேண்டாம்மா. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்றேன். நீ மூச்சை மட்டும் அளந்துக்க.”

“சரிங்க.”

அவர் குழாயை வாயில் வைத்தார். கம்பியக்கா சிவப்புப் பேனாவைக் காகிதத்தில் இறக்கிவிட்டு, குமிழில் கை வைத்தாள். நீலப் பேனா ஏற ஆரம்பித்தது. அவர் மூச்சிழுக்க ஆரம்பித்ததற்கு முன்பா பின்பா என்று அவள் பார்த்துக்கொள்ளவில்லை.